ஆறு ஆருடையது?

(எங்கள் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கைப் பல இடங்களில் அப்படியே விட்டிருக்கிறேன்.)



போன மாதம் எங்கள் குழுவுக்கு ஒரு மனு வந்தது, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பூர்வகுடிகளின் நிலங்களில் நடக்கிற சுற்றுலாத் தூண்டில் மீன்பிடியை முற்றாகத் தடைசெய்யச் சொல்லும் மனு. பணக்காரர் விமானம் ஏறிப் போய், காட்டு ஆற்றில் மீனைத் துன்புறுத்தி, படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள், இது காலனியத்தின் மிச்சம் என்று அதில் எழுதியிருந்தது. ஐந்து நிமிடத்துக்குள் எல்லாரும் கையெழுத்துப் போடலாம் என்று சொல்லிவிட்டோம். முதலில் கை தூக்கியது நான்தான்.

அன்றிரவு அந்த மாதிரி ஆறு ஒன்றைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். படுக்கும்போது விடிய மூன்று மணி. தூக்கின கையை நான் ஏன் இறக்கினேன் எண்டதைத்தான் இண்டைக்குச் சொல்லப்போறன்.

முதலில் மீன். அதன் பெயர் அரபைமா. பிரேசிலில் பிராருக்கு என்பார்கள். துப்பி மொழியில் சிவப்பு மீன் என்று பொருள் வரும். உலகத்தின் மிகப் பெரிய நன்னீர் மீன்களில் ஒன்று. மூன்று மீற்றர் வரை வளரும், 200 கிலோ வரை நிறுக்கும். ஆனால் அதன் விசேஷம் பருமன் இல்லை. இந்த மீன் மூச்செடுக்க மேலே வரும். செவுள் இருக்கிறது, ஆனால் அது போதாது. உள்ளே இருக்கிற காற்றுப்பை நுரையீரல்போல வேலை செய்கிறது. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து வாயைத் திறந்து காற்றை இழுத்துவிட்டுக் கீழே போகும். வலைக்குள் சிக்கி மேலே வர முடியாமல் போனால், தண்ணீருக்குள் இருக்கிற மீன் தண்ணீரிலேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும்.

மழைக்காட்டில் வெள்ளம் வடிந்த பிறகு குளம் குட்டைகளாய்ப் பிரிந்து நிற்கிற தண்ணீரில் ஒட்சிசன் குறைவு. மற்ற மீன்கள் திணறுகிற இடத்தில் அரபைமா பிழைத்துக்கொள்ளும். அதன் பலம் அது. பலவீனமும் அதுதான். ஈட்டியோடு தோணியில் காத்திருக்கிற ஆளுக்கு, மீன் எங்கே என்று தேடத் தேவையில்லை. அதுவாகவே மேலே வந்து காட்டிக்கொடுக்கும்.

இப்ப ஃப்ளை ஃபிஷிங். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் பாரம் நூலை இழுத்துக்கொண்டு போகும். இதில் கொக்கியில் கட்டியிருப்பது இறகும் மயிரும் நூலும் மட்டும்தான், அதற்கு ஒரு பாரமும் இல்லை. நூலே தடிப்பாக, பாரமாக இருக்கும். தலைக்கு மேலே அந்த நூலை முன்னும் பின்னும் வீசி வீசி, அதன் பாரத்தில் இறகைக் கொண்டுபோய்ப் போடவேண்டும். குளிர்நாட்டு ஓடைகளில், தண்ணீரில் விழுகிற பூச்சியைப்போல இறகைக் கட்டி, சின்ன மீன் பிடிக்க உருவான கலை இது. கடந்த இருபது, முப்பது வருடங்களாக இதற்குப் பழகினவர்கள் மழைக்காட்டு ஆறுகளுக்குப் போகிறார்கள். கீழ்த்தாடையில் இரண்டு நீண்ட பல் வைத்திருக்கிற பாயாரா, மரத்திலிருந்து விழுகிற பழத்தைத் தின்னும் பாக்கு என்று விசித்திரமான மீன்களைத் தேடி. பாக்குவுக்கு பூச்சி மாதிரிக் கட்டிப் பயனில்லை, பழம் மாதிரி உருட்டிக் கட்டுவார்கள். ஒரு வாரப் பயணத்துக்குப் பல ஆயிரம் டொலர். எங்களில் ஒருவருடைய அம்மா அப்பாவும் அந்தக் காசுக்கு மீன்பிடிக்கப் போனதில்லை. ஆகவே எங்களுக்கு வருகிற முதல் கோபம் எனக்கு விளங்குகிறது. அது வர்க்கக் கோபம். அதை நான் விட்டுவிடச் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுங்கோ எண்டு மட்டும் கேக்கிறன்.

நான் வாசித்த ஆறு கயானாவில் இருக்கிறது. கயானா என்றால் எங்களில் சிலருக்குக் கரும்புத் தோட்டம் ஞாபகம் வரும். 1838 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு போன கப்பல்களில், மதராஸ் துறைமுகத்தில் ஏறிய தமிழரும் இருந்தார்கள். ஆனால் அந்தக் கதை கடற்கரையோடு நிற்கிறது. நான் சொல்வது உள்நாட்டைப் பற்றி. ரூப்புனூனி ஆறும் ரேவா ஆறும் சந்திக்கிற இடத்தில் ரேவா என்று ஒரு சின்னக் கிராமம். சில நூறு பேர். பெரும்பாலும் மக்குஷி மக்கள். மரவள்ளித் தோட்டம், வேட்டை, மீன் இவைதான் வாழ்க்கை. (எங்கட வீட்டுச் சட்டியில் வேகிற மரவள்ளிக்கிழங்கின் பிறந்த ஊரும் தென்னமெரிக்காதான். நாங்கள் அதை யாழ்ப்பாணத்துச் சாப்பாடு எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறம்.)

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தப் பக்கத்து அரபைமா உப்புக்கண்டமாகி எல்லை தாண்டிப் பிரேசில் சந்தைக்குப் போனது. அதோடு ஆற்று ஆமை, கிளி என்று விற்கக்கூடிய எல்லாமே போனது. வாங்க ஆள் இருந்தது, வேறு வருமானம் இல்லை. மீன் குறைந்தது. சட்டம் அரபைமாவைப் பிடிப்பதைத் தடைசெய்திருந்தது, ஆனால் நடுக்காட்டில் சட்டத்தை யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

2000களில் ரேவா ஊரே சேர்ந்து ஒரு விடுதி கட்டியது. முதலாளி இல்லை. விடுதி ஊருக்குச் சொந்தம், வேலை ஊர்க்காரர் மத்தியில் மாறி மாறி வரும். முதலில் பறவை பார்க்க, சிறுத்தை பார்க்க என்று ஆட்கள் வந்தார்கள். 2010களின் தொடக்கத்தில் ஃப்ளை ஃபிஷிங்காரர் சிலர், இவ்வளவு பெரிய மீனை இறகுத் தூண்டிலில் பிடிக்க ஏலுமா என்று சோதித்துப் பார்க்க வந்தார்கள். ஏலும் என்று தெரிந்தது. முன்பு ஈட்டி எறிந்த ஊரின் ஆட்கள் இப்போது வழிகாட்டிகள். எந்தக் குட்டையில் மீன் நிற்கிறது, அது எந்தத் திசையில் திரும்பும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். காசு கொடுத்தவர் தூண்டிலை வீசுவார். மீன் மாட்டினால் வழிகாட்டி தண்ணீருக்குள் இறங்கி, மீனைக் கையில் தாங்கிப் பிடிப்பார். களைத்த மீன் மேலே வந்து காற்றை இழுக்கும் வரை விடமாட்டார். இழுத்த பிறகுதான் கையை எடுப்பார்.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது தூண்டில் இல்லை, எண்ணிக்கை. குட்டைக்குள் எத்தனை மீன் என்று தெரியாமல் காக்கவும் முடியாது, பிடிக்கவும் முடியாது. தெரிந்துகொள்கிற வழியை ஆர் கண்டுபிடித்தது?

இதற்குப் பிரேசிலுக்குப் போகவேண்டும். அமேசன் ஆற்றோரம் மமிராவா என்ற காப்பகம். 1990களின் கடைசியில் அங்கே லியாண்ட்ரோ காஸ்தெல்லோ என்ற ஆய்வாளர் மீனவர்களோடு சேர்ந்து வேலை செய்தார். மீனவர்களுக்கு ஒரு வித்தை தெரிந்திருந்தது. மீன் மூச்செடுக்க வருகிற சத்தத்தையும் முதுகு புரளுகிற விதத்தையும் வைத்து, இது ஒரே மீனா வேறு மீனா, பெரிசா சின்னதா என்று சொல்வார்கள். அதையே ஒரு முறையாக்கினார்கள். ஒரு ஆளுக்கு ஒரு துண்டுத் தண்ணீர், 20 நிமிடம். அந்த நேரத்துக்குள் மேலே வந்த ஒவ்வொரு மீனையும் எண்ணவேண்டும். ஒன்றரை மீற்றருக்கு மேல் ஒரு கணக்கு, கீழே ஒரு கணக்கு. பிறகு விஞ்ஞான முறைப்படி அதே ஏரிகளைச் சரிபார்த்தபோது, அனுபவமுள்ள மீனவர்களின் எண்ணிக்கை மிக நெருக்கமாக இருந்தது. செலவோ பல மடங்கு குறைவு. 2004-இல் காஸ்தெல்லோ இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். மமிராவா மீனவர்களிடமிருந்து ரூப்புனூனி மீனவர்களும் இந்த முறையைக் கற்றுக்கொண்டார்கள். ஆற்றோரத்து ஆளிடமிருந்து ஆற்றோரத்து ஆளுக்கு.

நாங்கள் வகுப்பறைகளில் 'அறிவு உற்பத்தி' என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். வன்முறையாகத் தெரிகிற ஒரு தொழில், ஈட்டியோடு காத்திருக்கிற தொழில், தன் பொறுமையைக் கணக்கெடுப்பாக மாற்றியது. எனக்கு அதைவிட நல்ல உதாரணம் தெரியாது.

இன்னொன்றையும் கவனியுங்கோ. பிரேசிலில் அவர்கள் மீனைப் பிடித்து விடவில்லை. பிடித்துத் தின்கிறார்கள், விற்கிறார்கள். எண்ணின பெரிய மீன்களில் ஆகக்கூடியது 30 வீதம்தான் பிடிக்கலாம். ஒன்றரை மீற்றருக்குக் குறைந்ததைத் தொடக்கூடாது. டிசம்பர் முதல் மே வரை பிடிக்கவே கூடாது. ஏரிகளுக்கு ஊர்க்காரரே முறைவைத்துக் காவல். ஜுருவா ஆற்றுப் பக்கம் செய்த ஓர் ஆய்வு 2016-இல் வந்தது. ஊர் காவல் காத்த ஏரிகளில் சராசரியாக 305 அரபைமா. யாரும் வந்து பிடிக்கலாம் என்று திறந்துவிட்ட ஏரிகளில் சராசரியாக 9. திருப்பிச் சொல்லுறன்: 305, 9. அந்த ஆற்றோரத்து ஊர்களில் பல, இறப்பர் பால் எடுத்த தொழிலாளர்களின் வாரிசுகளுடையவை. 1988-இல் சிக்கோ மெண்டெஸ் சுட்டுக்கொல்லப்பட்டது, காட்டை அங்கே வாழ்கிறவர்களின் பொறுப்பில் விடவேண்டும் என்று அந்த இயக்கம் கேட்டதற்காகத்தான். அந்தக் கோரிக்கையிலிருந்து பிறந்த காப்பகங்களில் ஒன்று ஜுருவாவில் இருக்கிறது. இடதுசாரிகள் என்று சொல்லிக்கொள்கிற நாங்கள் பெருமைப்படவேண்டிய வெற்றி அது.

ஆகவே ஒரே மீனுக்கு இரண்டு வழி. ரேவாவில் விட்டுவிட்டுக் காசு எடுக்கிறார்கள். ஜுருவாவில் அளவாகப் பிடித்துத் தின்கிறார்கள். இரண்டுக்கும் பொது என்ன? எண்ணுவதும் காவல் காப்பதும் வேண்டாம் என்று சொல்வதும் ஊரின் கையில் இருக்கிறது.

இனி எதிர்ப்பக்கம். அதை மறைத்துவிட்டுப் பேச நான் விரும்பவில்லை.

முதலாவது, மீனுக்கு வலிக்கும். பிடித்துவிட்டு விடுவது அகிம்சை இல்லை. சாப்பாட்டோடு விளையாடுவது மரியாதைக் கேடு என்று நினைக்கிற பூர்வகுடிகள் பல நாடுகளில் இருக்கிறார்கள். என் அம்மம்மாவிடம் இந்த விளையாட்டைப் பற்றிச் சொன்னபோது, "தின்னாட்டில் ஏன் மோனை அதைப் போய்ப் பிடிப்பான்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் அதைக் கேட்டு முடிவெடுக்கிற உரிமை அந்தக் குட்டையோடு வாழ்கிறவர்களுக்கு எங்களைவிட அதிகம் என்று மட்டும் நினைக்கிறேன்.

இரண்டாவது, தங்கியிருத்தல். 2020 மார்ச்சில் கொரோனா வந்து கயானா விமான நிலையங்களை மூடியது. வெளிநாட்டார் வராவிட்டால் விடுதிக்கு வருமானம் இல்லை. வேறொரு நாட்டில் ஒருவருக்கு விடுமுறை கிடைக்கிறதா என்பதில் ஒரு ஊரின் சம்பளம் தொங்குவது விடுதலை இல்லை. மரவள்ளித் தோட்டமும் ஆறும் இருந்தால் பசி கிடக்கத் தேவையில்லை. தோட்டத்தை விட்டுவிட்டு முழுதாக விடுதியை நம்புகிற ஊருக்கு அந்தக் காப்பு இருக்காது.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. கயானாவில் 2006-இன் பூர்வகுடிகள் சட்டப்படி ஊர்களுக்கு நிலப்பட்டா உண்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர்ச்சபை உண்டு, அதன் தலைவரை தொஷாவ் என்பார்கள். ஆனால் பொதுவாகப் பட்டா நிலத்துக்குத்தான். மண்ணுக்குக் கீழே இருக்கிற கனிமம் அரசுடையது. ஆறும் அரசுடையது. மீனை எண்ணி, காவல் காத்து, பெருக வைத்த ஊருக்கு அந்த ஆறு சொந்தமில்லை! கயானாக் காடுகளில் தங்கம் தோண்டுகிறார்கள், தங்கத்தைப் பிரிக்கப் பாதரசம் பாவிக்கிறார்கள், அது ஆற்றில் இறங்கி மீனில் ஏறுகிறது. 2019 டிசம்பரிலிருந்து கடலில் எண்ணெயும் எடுக்கிறார்கள். காசு பெருகுகிற நாட்டில் வீதியும் சுரங்கமும் உள்நாட்டுக்குப் போவது எப்படி என்று உங்களுக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை. ரேவாவின் ஆற்றுக்கு ஆபத்து எங்கிருந்து வரும் என்று கேட்டால், தூண்டில்காரர் பட்டியலின் கடைசியில்தான் வருவார். எங்களுக்கு வந்த மனு அவரை மட்டும் கண்டது.

இந்த மீனுக்காக ஆட்கள் செத்திருக்கிறார்கள். 2022 ஜூன் 5. பிரேசிலின் ஜவாரி பள்ளத்தாக்கு. பூர்வகுடிகள் விவகார நிபுணர் புரூனோ பெரெய்ரா, பிரித்தானியப் பத்திரிகையாளர் டொம் பிலிப்ஸ், இரண்டு பேரும் ஆற்றில் படகில் போகும்போது சுட்டுக்கொல்லப்பட்டார்கள். பூர்வகுடி நிலத்துக்குள் நுழைந்து பிராருக்குவையும் ஆமையையும் அள்ளுகிற கூட்டத்தைத் தடுக்க, ஊர்க்காரர் தாங்களே ஒரு ரோந்துப் படை வைத்திருந்தார்கள். பெரெய்ரா அந்தப் படைக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். சுட்டதாகக் குற்றம்சாட்டப்பட்டவர்கள் அதே ஆற்றோரத்து ஏழை மீனவர்கள். அவர்களுக்குப் பின்னால் காசும் தோட்டாவும் கொடுத்த ஒரு வியாபாரி இருக்கிறான் என்று 2024-இல் காவல்துறை குற்றம்சாட்டியது. எங்கட கரையோர ஊர்களில் சம்மாட்டிக்குக் கடன்பட்டுத் தொழிலுக்குப் போகிற ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே விளங்கும். கையில் துவக்கு வைத்திருந்தவனும் கடனாளி. அதனால் அவன் குற்றவாளி இல்லை என்று ஆகாது. ஆனால் ஜுருவா மாதிரி அவனுடைய ஊருக்கும் ஒரு ஏரி, ஒரு கணக்கு, ஒரு பங்கு இருந்திருந்தால் என்ற கேள்வி என்னை விடவில்லை.

முடிக்க முன்னம் ஒரு உதாரணம், தூண்டில் விளையாட்டு ஊர்க்காரர் கையில் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு. காவிரி. அங்கே மஹசீர் என்ற பெருமீன் இருக்கிறது, கெண்டை இனம், முதுகில் திமில்போல ஒரு மேடு. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இதைத் தூண்டிலில் பிடிப்பது ஒரு பித்து. 1946-இல் கபினி ஆற்றில் 120 இறாத்தல் மீன் ஒன்று பிடிபட்டது, இன்றைக்கும் பேசப்படுகிற சாதனை. சுதந்திரத்துக்குப் பிறகு தூண்டில்காரர் சங்கமும் அரசின் சுற்றுலா முகாம்களும் ஆற்றின் சில பகுதிகளை எடுத்துக் காத்தன. உண்மையாகக் காத்தன, அதை ஒத்துக்கொள்ளவேண்டும். முன்பு களவாக மீன் பிடித்தவர்களில் சிலர் அங்கே வழிகாட்டிகளானார்கள். ஆனால் முடிவெடுத்தது அவர்கள் இல்லை. மீனைப் பெருக்கவேண்டும் என்று, 1970களிலிருந்து வெளியிலிருந்து கொண்டுவந்த வேறொரு மஹசீர்க் குஞ்சை ஆற்றில் விட்டார்கள். தூண்டில்காரரின் பதிவேட்டில் எண்ணிக்கை ஏறியது. எல்லாருக்கும் சந்தோஷம். பிறகு 1998 முதல் 2012 வரையான அந்தப் பதிவேடுகளை ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: பெருகியது வந்த மீன், திமில் மீன் அருகிக்கொண்டு போயிருந்தது. அந்தத் திமில் மீன் எந்த இனம் என்பதே 2018-இல்தான் உறுதியானது. அதே வருடம் அது அழிவின் விளிம்பில் உள்ள மீன் என்று சிவப்புப் பட்டியலில் ஏறியது. அதற்கு முன்னமே, வனவிலங்குச் சட்டப்படி இது வேட்டை என்று சொல்லி அந்த முகாம்களில் தூண்டிலை நிறுத்திவிட்டார்கள். தூண்டில் போனது. அதோடு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்த கண்களும் போயின.

பார்த்தீங்களோ? திறந்துவிட்டதும் மேலிருந்து, மூடினதும் மேலிருந்து. இரண்டு தரமும் ஆற்றங்கரை ஊர்களை ஒருவரும் கேட்கவில்லை.

அந்த மனுவைப் பற்றி எனக்கு இருக்கிற பிரச்சினை இதுதான். அதை எழுதியவர்களின் கோபம் நியாயம். ஆனால் எந்த ஊர்ச்சபை இதைக் கேட்டது, எந்த ஊர் இதை எதிர்த்தது என்று அதில் ஒரு வரி இல்லை. வெளியார் கம்பனி ஒன்று ஊரின் சம்மதம் இல்லாமல் ஆற்றைக் குத்தகைக்கு எடுத்திருந்தால், அந்த ஊர் எதிர்க்கிறது என்றால், நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவேன். ரேவா மாதிரி ஊர் தானே நடத்துகிற இடத்தையும் சேர்த்து மூடச் சொன்னால், நாங்களும் மேலிருந்து மூடுகிறவர்கள் ஆகிவிடுவோம். புலம்பெயர்ந்த எங்களுக்கு இது வேறு இடங்களிலும் நடக்கிற பிழை. தூரத்தில் இருந்துகொண்டு, நல்ல மனதோடு, அங்கே இருக்கிறவர்களைக் கேட்காமல் அவர்களுக்காகத் தீர்மானம் போடுவது. ஊரிலிருந்து எங்களுக்கும் இந்தக் குறையைப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள்.

ஆகவே என்னுடைய முன்மொழிவு சின்னது. கையெழுத்துப் போடாமல், மனுவை எழுதியவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுவோம். இரண்டு விஷயம் கேட்போம். ஒன்று, எந்தெந்த ஊர்களைக் கேட்டீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள்? மற்றது, தடை என்ற ஒரு சொல்லுக்குப் பதிலாக, ஆற்றையும் அந்த ஊர்களின் பட்டாவுக்குள் சேர்க்கவேண்டும் என்ற கோரிக்கையை வைப்பீர்களா? வைத்தால் அந்த மனுவை நாங்களே வீடு வீடாகக் கொண்டுபோவோம்.

கடிதத்தின் வரைவு என்னிடம் இருக்கிறது. உங்கள் திருத்தங்களை அடுத்த கூட்டத்துக்கு முன் அனுப்பிவையுங்கோ. நான் பிழையாக விளங்கியிருந்தால் அதையும் எழுதுங்கோ, அடுத்த கூட்டத்தில் அதிலிருந்தே தொடங்குவோம்.